மாந்தோப்பில் நீள்கொம்பன்: ஒரு வண்டின் வரலாறு

சித்தூர், திருப்பதிப் பக்கம் நாலு மாமரத்தையாவது விட்டுவிட்டு வெளிநாடு வந்தவர்களுக்குத் தொலைபேசியில் வரும் ஒரு வாக்கியம் பழக்கமாக இருக்கும். "கெணத்து மேட்டு மரம் காயுதுப்பா." ஏன் என்று கேட்டால் மூன்று பதில்களில் ஒன்று வரும். மரத்துக்கு வயசாச்சு. மழை சரியில்லை. கண்ணு பட்டுடுச்சு.

மூன்றும் உண்மையாக இருக்கலாம். ஆனால் முப்பது, நாற்பது வருடம் காய்த்த மரம் ஒரு பக்கமாக இலை பழுத்து, கிளை கிளையாகக் காய்ந்தால் அடிமரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது நல்லது. பட்டை வெடிப்பில் கறுப்பாகப் பிசின் வடிந்திருக்கிறதா? வேர்ப்பக்கம் தச்சுப் பட்டறை மாதிரி மரத்தூள் விழுந்திருக்கிறதா? அப்படியென்றால் உள்ளே ஆள் இருக்கிறது. வாடகை கொடுக்காத குடித்தனக்காரன். :-)

எங்கள் குடும்பத்துக்கும் பாகாலாவுக்கும் தாமலசெருவுக்கும் நடுவே கொஞ்சம் மாமரம் உண்டு. கடந்த சில வருடங்களில் அங்கே மரங்கள் ஒவ்வொன்றாகப் போவதைக் கேள்விப்பட்டு இந்தப் பூச்சியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மருந்துப் பெயர் தேடித்தான் போனேன். கிடைத்தது ஒரு வரலாறு. அதில் நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஒரு சேதி இருப்பதாகப் பட்டதால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் யார்?

தமிழ்நாட்டு வேளாண் துறைக்காரர்கள் இதை மாமரத் தண்டு துளைப்பான் என்பார்கள். ஆந்திராவில் வெறும் 'புருகு' என்று முடித்துக்கொள்வார்கள். தெலுங்கில் புழுவுக்கும் பூச்சிக்கும் அந்த ஒரு சொல்லே போதும். அறிவியல் பெயர் பாட்டோசெரா ரூஃபோமாகுலேட்டா. பெயரின் இரண்டாம் பாதிக்கு 'செம்புள்ளி உடையது' என்று பொருள். கழுத்து மாதிரி இருக்கும் முன்மார்பின் மேல் சிறுநீரக வடிவத்தில் இரண்டு செம்மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அதுதான் அடையாளம். உடம்பு சாம்பல் கலந்த பழுப்பு, நாலைந்து சென்டிமீட்டர் நீளம். மார்பின் இரு பக்கமும் முள். தலையிலிருந்து பின்னோக்கி வளைந்து போகும் இரண்டு கொம்புகள். ஆண் வண்டுக்கு அவை உடம்பைவிட நீளம். கையில் பிடித்தால் 'கிரீச் கிரீச்' என்று கத்தும். வாயால் அல்ல, மார்புத் துண்டுகளை ஒன்றோடொன்று உரசி எழுப்பும் சத்தம் அது.

இங்கே இரண்டு பேரை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, வீட்டு உத்தரத்தில் வட்டமாக ஓட்டை போட்டு 'ங்ங்ங்' என்று சுற்றும் கருவண்டு. அது தேனீ இனம். மரத்தைக் குடைந்து கூடு கட்டும், தின்னாது. இன்னொன்று உளு. 'உளுத்துப்போன கட்டை' என்கிறோமே, அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரன். அது வெட்டிக் காய்ந்த மரத்தை மாவாக்கும் சின்னப் பூச்சி. நம் நீள்கொம்பனுக்கு வேண்டியது உயிரோடு நிற்கும் மரம். மா, அத்தி, பலா, இலவம், ரப்பர் என்று அதன் சாப்பாட்டுப் பட்டியல் பெரிது.

நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தில் உலகெங்கும் 35,000 இனங்களுக்கு மேல் கணக்கெடுத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை காட்டில் செத்த மரத்தையும் நொந்த மரத்தையும் தின்று மண்ணாக்கும் வேலையைச் செய்பவை. இவை இல்லாவிட்டால் விழுந்த மரம் விழுந்தபடியே நெடுநாள் கிடக்கும். அதனால் வில்லன் என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது.

பெயர் வந்த கதை

இந்தக் குடும்பத்துக்கே பெயர் கொடுத்தது ஒரு கிரேக்கப் புராணக் கதை. கெராம்பஸ் என்று ஓர் இடையன். நல்ல பாட்டுக்காரன். மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவனிடம் பான் என்ற தெய்வம் வந்து, "இந்த வருடம் குளிர் கடுமையாக இருக்கும், மந்தையைக் கீழே ஓட்டிக்கொண்டு போ" என்று சொன்னது. அவன் கேட்கவில்லை. போதாததற்கு வனதேவதைகளையும் கேலி பேசினான். பனி கொட்டியது, மந்தை போயிற்று. தேவதைகள் அவனை மரம் தின்னும் கொம்பு வண்டாக மாற்றிவிட்டார்கள். அந்தக் கெராம்பஸ் பெயரிலிருந்துதான் 'செராம்பிக்ஸ்' என்ற அறிவியல் பெயர். பார்த்துக்கொள்ள வேண்டியதைப் பார்க்காமல் விட்டவன்தான் இந்த வண்டு என்கிறது கதை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1758இல் லின்னேயஸ் அந்தப் பெயரை அறிவியலில் ஏற்றினார். நம் மாமரத்து வண்டை 1775இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் டி கீர் என்ற பிரபு தன் பூச்சி நூலின் ஐந்தாம் தொகுதியில் விவரித்தார். ஆசியாவிலிருந்து போன வண்டுகளை ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்து ஐரோப்பியச் சீமான்கள் ரசித்த காலம் அது. அவர்களுக்கு வண்டின் கொம்பும் புள்ளியும் தெரிந்தன. அது எந்த மரத்தில், எத்தனை நாள், என்ன செய்கிறது என்பது இங்கே தோப்பில் இருந்தவனுக்குத்தான் தெரியும். அவன் எழுதி வைக்கவில்லை. 1906இல் சார்லஸ் ஜோசப் கஹான் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுதியில்தான் நம் நாட்டு நீள்கொம்பன்கள் வரிசைப்படுத்தப்பட்டு அச்சில் வந்தன.

ஒரு வருடக் குடித்தனம்

முதல் மழை விழுந்ததும், ஜூன் மாதத்தையொட்டி, வண்டு மரத்திலிருந்து வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். பகலில் கிளைகளில் ஒளிந்திருக்கும். இரவில் இளங்கிளையின் பட்டையைக் கடித்துத் தின்னும், விளக்கு வெளிச்சத்துக்கு வரும். சில மாதங்கள் உயிரோடு இருக்கும்.

பெண் வண்டு அடிமரத்திலும் பெரிய கிளைகளிலும் பட்டையைத் தாடையால் கீறி, அரிசி மணியைவிடச் சற்றே பெரிய முட்டையை ஒவ்வொன்றாக வைக்கும். வெடிப்பு, பழைய வெட்டுக்காயம், வெயிலில் வெந்த பட்டை என்றால் அதற்கு வேலை சுலபம். தன் ஆயுளில் 200 முட்டை வரை வைக்கக்கூடியது. ஒன்றிரண்டு வாரத்தில் பொரிக்கும்.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் உள்ளே. காலில்லாத வெள்ளைப் புழு, பழுப்புத் தலை, இரும்பு மாதிரித் தாடை. முதலில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் பச்சைப் படலத்தைத் தின்னும். இலையில் சமைத்த சாப்பாடு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாகத்தான். புழு குறுக்காகத் தின்றுகொண்டே போனால் அந்தப் பக்கத்து வேர் பட்டினி. பிறகு கட்டைக்குள் இறங்கி விரல் நுழையும் அளவுக்குச் சுரங்கம் போடும். மேலே போகும் தண்ணீரும் தடைப்படும். வளர்ந்த புழு பத்து சென்டிமீட்டர் வரை வரும். அமைதியான நேரத்தில் மரத்தில் காதை வைத்தால் 'கரக் கரக்' என்று அரைப்பது கேட்கும்.

மரக்கட்டையில் சத்து மிகக் குறைவு. அதனால்தான் இத்தனை மாதம் இடைவிடாமல் தின்கிறது. இதன் உறவினனான ஆசிய நீள்கொம்பனின் மரபணுத்தொகுதியை 2016இல் வெளியிட்டார்கள். மரநாரைக் கரைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் அந்த வண்டிடமே ஏராளமாக இருப்பது அதில் தெரிந்தது. குடலில் வாழும் நுண்ணுயிர்களும் கூடவே உதவுகின்றன.

கோடையில் புழு சுரங்கத்துக்குள்ளேயே ஓர் அறை கட்டிக் கூட்டுப்புழு ஆகும், வண்டு ஆகும், மழைக்குக் காத்திருக்கும். ஆக ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அந்த வருடத்தில் கண்ணுக்குத் தெரிவது கொஞ்ச நாள்தான். மரம் காய ஆரம்பித்துவிட்டது என்று நாம் கவனிக்கும்போது வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும்.

குடகுக் காப்பித் தோட்டத்தில் ஒரு டாக்டர்

நீள்கொம்பு வண்டு ஒன்று தென்னிந்தியாவில் முதன்முதலாக அரசாங்கத்தின் தூக்கத்தைக் கெடுத்தது காப்பியில். 1860களில் குடகு, வயநாடு பக்கம் வெள்ளைக்காரத் துரைமார்கள் காட்டை வெட்டிக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். செடிகள் திடீரென்று வாடிச் சாய்ந்தன. ஒடித்துப் பார்த்தால் தண்டுக்குள் சுரங்கம். இன்று காப்பி வெள்ளைத் தண்டு துளைப்பான் என்று அழைக்கப்படும் பூச்சி அது. 1863இல்தான் அதற்கு அறிவியல் பெயரே கிடைத்திருந்தது.

சென்னை அரசாங்கம் விசாரிக்க அனுப்பியது ஜார்ஜ் பிடி என்ற ராணுவ டாக்டரை. (பின்னாளில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் இவர்தான்.) அவருடைய அறிக்கை 1869இல் வந்தது. அதில் அவர் விரல் நீட்டியது வண்டைவிட அதிகமாகத் தோட்டத்தைப் பார்த்து. நிழல் மரங்களை வெட்டிவிட்டீர்கள், வெயில் தண்டின் மேல் அடிக்கிறது, நிலம் காய்கிறது. நிழலைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்பது அவருடைய யோசனையின் சாரம்.

காரணம் எளிது. அந்தப் பெண் வண்டு முட்டையிடத் தேடுவது வெயில் படும் சூடான தண்டை. காட்டு நிழலில் அதற்கு இடம் குறைவு. நிழலை எடுத்தவுடன் மலை முழுக்க அதற்குப் பந்தி விரித்தாயிற்று. ஒன்றரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்றைக்கும் காப்பி வாரியம் அராபிக்கா விவசாயிக்குச் சொல்லும் அறிவுரையில் முதல் வரிசையில் இருப்பது நிழல்தான். தண்டைத் தேய்த்துப் பழம்பட்டையை நீக்குவதும், துளைத்த செடியைப் பிடுங்கி எரிப்பதும் அதற்கடுத்து வருகின்றன.

கூலிக்கு வண்டு பிடித்தவர்கள்

அடுத்த பெரிய அத்தியாயம் மத்திய இந்தியாவில். சால மரத்தைத் தின்னும் நீள்கொம்பன் ஒன்று உண்டு. 1920களில் மண்டலா பக்கத்துக் காடுகளிலும், மறுபடியும் 1990களின் பிற்பாதியில் மத்தியப் பிரதேசத்திலும் அது பெருக்கெடுத்து, லட்சக்கணக்கில் மரங்களை வெட்டும்படி ஆயிற்று.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டெப்பிங், அவருக்குப் பின் பீசன் என்று இரண்டு வெள்ளைக்காரப் பூச்சியியலாளர்கள் இந்த இனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஸ்டெப்பிங்கின் பெரிய நூல் 1914இல் வந்தது, பீசனுடையது 1941இல். அங்கே உருவான வைத்தியம் சுவாரசியமானது. மழைக்காலத்தில் ஒரு சால மரத்தை வெட்டித் துண்டு போட்டு, பட்டையை நசுக்கி வைத்துவிடுவார்கள். சாறு வாசனைக்குத் தூர தூரத்திலிருந்து வண்டுகள் வந்து குடித்து மயங்கிக் கிடக்கும். ஊர் மக்கள் பொறுக்குவார்கள். வண்டுக்கு இத்தனை காசு என்று கூலி. இத்தனை பெரிய காட்டுக்குக் கடைசியில் உதவியது கண்ணும் கையும்தான். மருந்து தெளிப்பான் உள்ளே இருக்கும் புழுவை எட்டாது.

ராஜதானியிலிருந்து மாநிலத்துக்கு

இனி நம் ஊர். 1911 வரை சித்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். அந்த வருடம் ஏப்ரல் 1ஆம் தேதி தனி மாவட்டம் ஆனது. அப்போது எல்லாம் மதராஸ் ராஜதானி. ஆகவே சித்தூர் மாமரத்துக்குப் புழு விழுந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் உட்கார்ந்திருந்தார். அங்கே அரசு பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிட்ஜ் ஃபிளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய நூலை 1914இல் வெளியிட்டார். அந்த வழியில் வந்த நம்மவர் டி.வி. ராமகிருஷ்ண ஐயர். தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளுக்கு அவர் எழுதிய கையேடு 1940இல் வந்தது. அவர் பெயரை நம் பள்ளிப் புத்தகங்களில் நான் பார்த்ததில்லை.

பிறகு 1953 அக்டோபர் 1. ஆந்திரம் பிரிந்தது. திருப்பதிக்கும் சித்தூருக்கும் திருத்தணிக்கும் ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டம் நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, திருப்பதியும் சித்தூரும் அந்தப் பக்கம் நின்றன. 1961இல் திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா வேளாண் கல்லூரி ஆரம்பமானது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் மறுபடி உடைந்து திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. வண்டுக்கு இதெல்லாம் தெரியாது. சித்தூர், திருத்தணி, கிருஷ்ணகிரி எல்லாம் அதற்கு ஒரே தோப்பு. :-)

ஆனால் தோப்பே மாறியது. எங்கள் தாத்தா காலத்தில் மாமரம் என்றால் வயல் வரப்பில், கிணற்றோரத்தில் நிற்கும் நாட்டு மரம். நிலத்தில் போடுவது மல்லாட்டை (அதாங்க, வேர்க்கடலை). மழை ஏமாற்ற ஏமாற்ற, கடலைக்காட்டில் ஒட்டுமாங்கன்று நட ஆரம்பித்தார்கள். பங்கனப்பள்ளி, நீலம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெங்களூரா. நாம் கிளிமூக்கு என்போம், அவர்கள் தோத்தாபுரி என்பார்கள். மாம்பழக்கூழ் ஆலைகள் வந்தன. தாமலசெருவு, பங்காருபாளையம் சந்தைகளில் சீசனில் டிராக்டர் வரிசை நிற்கும். வளைகுடா நாட்டு டப்பா ஜூஸில் நாம் குடிப்பது பல சமயம் நம் ஊர்க் கிளிமூக்குதான்.

பூச்சியின் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். முன்பு அங்கொன்று இங்கொன்று. இப்போது மைல் கணக்கில் ஒரே மரம், ஒரே வயது, எல்லாம் சேர்ந்து கிழடாகின்றன.

இரண்டு காலண்டர்கள்

என் மனதைக் குடைந்தது இதற்கு அடுத்த விஷயம்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் தோப்பை என்ன செய்கின்றன? பூவிலோ பிஞ்சிலோ காயை விலை பேசிக் குத்தகைக்கு விடுகின்றன. குத்தகைக்காரர் தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பார், காவல் போடுவார், காயை இறக்குவார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய கணக்கு இந்த வருடத்துக் காய். தத்துப்பூச்சி இந்த வருடத்துக் காயைக் கெடுக்கும், அதனால் அவர் அதைப் பார்க்கிறார். தண்டு துளைப்பான் கெடுப்பது மூன்று, நான்கு வருடம் கழித்து வரப்போகும் காயை. அது யாருடைய கணக்கு?

இப்போது இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கிளிமூக்கு அறுவடை ஜூன், ஜூலை. நீலம் முடிய ஜூலைக் கடைசி. குத்தகைக்காரர் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு கிளம்புவார். வண்டு வெளியே வருவது ஜூனையொட்டி. முட்டை வைப்பது ஜூலை, ஆகஸ்ட். புழு பட்டைக்கடியில், கம்பிக்கு எட்டும் ஆழத்தில் இருப்பது ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். அதாவது தோப்பில் மனுஷ நடமாட்டமே இல்லாத மாதங்களில்தான் பூச்சியின் முக்கியமான வேலையெல்லாம் நடக்கிறது. மறுபடி ஆள் வருவது பூ பார்க்க. அதற்குள் புழு வைரக் கட்டைக்குள் போயிருக்கும்.

முன்பு என்ன வித்தியாசம்? தாத்தா மருந்தே அடிக்கவில்லை. ஆனால் காய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினம் அந்த வழியாகத்தான் மாடு ஓட்டிக்கொண்டு போனார். மரத்தூளைப் பார்த்தால் கம்பியை எடுத்தார். குடகில் நிழல் போனது போல, நம் தோப்பில் போனது அந்த நடமாட்டம் என்று நான் நினைக்கிறேன். இடையன் கெராம்பஸ் கதை ஏன் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

விலை கெட்டால் நிலைமை இன்னும் மோசம். 2025 சீசனில் கிளிமூக்கு விலை சரிந்து, கிலோவுக்கு ஆலை தரப்பில் 8 ரூபாய், அரசு தரப்பில் 4 ரூபாய் என்று ஆந்திர அரசு நிர்ணயிக்க வேண்டியிருந்தது. காயை இறக்கும் கூலியே கட்டாத வருடத்தில் அடிமரத்தை யார் சுரண்டிப் பார்ப்பார்கள்? கவனிக்காத தோப்பு பக்கத்துத் தோப்புக்கும் வண்டு உற்பத்தி செய்யும் நாற்றங்கால் ஆகிவிடுகிறது.

வூஸ்டர் நகரத்து மேப்பிள் மரங்கள்

இது ஏழை நாட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். நான் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்று ஒரு நகரம் உண்டு (எழுதுவது ஒரு மாதிரி, சொல்வது வேறு மாதிரி). 2008 ஆகஸ்டில் அங்கே ஒரு குடியிருப்புவாசி தன் வீட்டுப் பக்கம் விசித்திரமான ஒரு வண்டைப் பார்த்து அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். கறுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளி, நீண்ட கொம்பு. ஆசிய நீள்கொம்பன். சீனாவிலிருந்து சரக்குப் பெட்டிகளின் மரச்சட்டத்தில் பயணம் செய்து அமெரிக்காவுக்கு வந்த இனம். 1996இல் நியூயார்க்கின் புரூக்ளினில் முதலில் கண்டுபிடித்திருந்தார்கள்.

வூஸ்டரில் ஆராய்ந்தபோது வண்டு பல வருடங்களாகவே அங்கே குடியிருந்தது தெரியவந்தது. 30,000 மரங்களுக்கு மேல் வெட்டினார்கள். நிழல் கவிந்த தெருக்கள் ஒரே பருவத்தில் மொட்டையாயின. காட்டுத்தீ அணைக்கப் பாராசூட்டில் குதிக்கும் வீரர்களைக்கூட மரமேறிப் பார்க்கக் கூட்டி வந்தார்கள். பணமும் விஞ்ஞானமும் இருக்கும் நாட்டிலும் முதலில் கண்டது தன் வீட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சாதாரண மனிதரின் கண்.

இதே காரணத்தால்தான் 2002இல் சர்வதேச விதி ஒன்று வந்தது. ஏற்றுமதிக்கான மரப்பெட்டியின் உட்கட்டையை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமாவது சூடாக்கவோ, புகைமூட்டவோ வேண்டும். ஊரிலிருந்து வரும் பார்சலின் மரச்சட்டத்தில் கோதுமைக்கதிர் மாதிரி ஒரு முத்திரை பார்த்திருப்பீர்கள். அது நீள்கொம்பன்களுக்கும் அவற்றின் சொந்தங்களுக்கும் போட்ட தடை.

நம் செம்புள்ளிக்காரனும் ஊர் சுற்றியவன்தான். மொரீசியஸ், மடகாஸ்கர், மேற்கிந்தியத் தீவுகள் வரை போயிருக்கிறான். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இஸ்ரேலுக்குப் போய் அங்கே அத்தி மரங்களைப் பதம் பார்த்தான். அத்தியும் மாவும் அவனுக்கு ஒன்றுதான்.

சரி, என்ன செய்யலாம்?

மருந்துகளின் வரலாறு ஒரு சோகக் கதை. பி.எச்.சி. தூள் ஒரு காலத்தில் சர்வரோக நிவாரணி; இந்தியாவில் 1997இல் தடை. துளைக்குள் ஊற்றிய டைக்ளோர்வாஸ் 2020 இறுதியோடு தடை. வேரிலும் தண்டிலும் கட்டிய வேறு சில மருந்துகளும் ஒவ்வொன்றாகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. எது வந்தாலும் போனாலும் நிலைத்து நின்றது சைக்கிள் போக்ஸ் கம்பி. இன்று எது அனுமதிக்கப்பட்டது என்பதைப் பக்கத்துத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பழைய டப்பா வீட்டில் கிடந்தால் பயன்படுத்த வேண்டாம்.

ஊரில் இருப்பவர்களிடம் நாம் கேட்டுக்கொள்ளக்கூடியவை இவை:

ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, மாதத்துக்கு ஒரு தரமாவது, ஒரு ஆள் ஒவ்வொரு மரத்தையும் அடியிலிருந்து கவைவரை சுற்றிப் பார்க்க வேண்டும். மரத்தூள், கறுப்புப் பிசின், ஒரு கிளையில் மட்டும் பழுப்பு. இதற்குக் கூலி கொடுங்கள். ஒரு மரத்து ஒரு வருடக் காயைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

தூள் தெரிந்தால் செத்த பட்டையைச் சீவி, கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி இழுத்து, துளையைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். பெங்களூரு பக்கத்திலிருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் துளையை மூடிக் காயத்தையும் ஆற்றும் ஒரு பசையை இதற்கென்றே உருவாக்கியிருக்கிறார்கள். அதைப் பற்றி விசாரிக்கலாம்.

காய்ந்த கிளையை மே மாதத்துக்குள் வெட்டி எரித்துவிட வேண்டும். வெட்டிய கட்டையைத் தோப்பிலேயே விறகாக அடுக்கி வைத்தால், ஜூன் மழைக்கு அதிலிருந்தும் வண்டு வரும். மழை தொடங்கியதும் சில இரவுகள் ஒரு விளக்கும் கீழே ஒரு தொட்டித் தண்ணீரும் வைத்தால் வருகிற வண்டுகளைப் பிடிக்கலாம்.

தோப்பு ஓரத்தில் இலவ மரம் இருந்தால் யோசிக்க வேண்டும். அது இந்த வண்டுக்கு இன்னொரு வீடு. புதிதாக நடுபவர்கள், நீலமும் உமாயுதீனும் இதை ஓரளவு தாங்கும் ரகங்கள் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வதைக் கவனத்தில் கொள்ளலாம்.

கடைசியாக, குத்தகை. ஒரு வருடக் குத்தகையை மூன்று, நான்கு வருடமாக மாற்றி, 'மழைக்குப் பிறகு மரம் பார்த்துப் புழு எடுப்பது குத்தகைக்காரர் பொறுப்பு' என்று ஒரு வரி சேர்த்து, அதற்காகத் தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அவர் கணக்கிலும் மரம் வந்துவிடும். எங்கள் சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "மரத்துக்கும் சேர்த்து அக்ரிமென்டாப்பா?" என்று சிரித்தார். பிறகு யோசித்துவிட்டு, "செஞ்சு பாக்கலாம்" என்றார். இந்த வருடம் அப்படித்தான் எழுதியிருக்கிறோம்.

உங்கள் தோப்புப் பக்கம் இந்த வண்டுக்கு என்ன பெயர்? பெரியவர்கள் கம்பி தவிர வேறு என்ன செய்தார்கள்? வேப்பெண்ணெய், சுண்ணாம்பு, தார் என்று ஊருக்கு ஒரு கைவைத்தியம் இருந்திருக்கும். அடுத்த முறை வீட்டுக்குப் பேசும்போது கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே குறித்து வைத்துக்கொள்வோம்.